கச்சான் காற்றும் சைக்கிள் பம்பும்

ஆனி மாதத்து மத்தியானம். மட்டக்களப்பின் களுவாஞ்சிகுடிப் பக்கம் வீதியோரத்துச் சைக்கிள் கடையொன்றில் நின்றிருந்தேன். மேற்கிலிருந்து வரும் அந்தச் சூட்டுக் காற்று, கச்சான், வாரி அடித்துக்கொண்டிருந்தது. கடைக்கு முன்னால் வெயிலில் நிறுத்தியிருந்த சைக்கிளொன்றின் பின் ரியூப் திடீரென்று வெடித்தது. யாரும் அதில் ஏறியிருக்கவில்லை, யாரும் தொடவுமில்லை. காலையில் அதற்குக் காற்றடித்துக் கொடுத்த கடைக்கார அண்ணன் வெளியே வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “நான் அளவாத்தான் அடிச்சநான் சேர். விடிய இருந்த சூடு இப்ப ரெண்டு மடங்கு. உள்ள இருக்கிற காத்தும் ரெண்டு மடங்காகினா ரியூப் என்ன செய்யும்?”

உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுப்பவன் நான். அண்ணன் சொன்னதில் ஒரு பாதி மிகச் சரி. மற்றப் பாதியை என் மாணவர்களும் ஒவ்வொரு வருடமும் விடைத்தாளில் எழுதுகிறார்கள். சூடேறினால் அடைபட்ட காற்றின் அமுக்கம் ஏறும் என்பதில் சந்தேகமில்லை. எவ்வளவு ஏறும் என்பதில்தான் கண் ஏமாற்றுகிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விடிய 28 பாகை செல்சியஸ். வெயிலில் கிடக்கும் கறுப்பு ரயர் மத்தியானம் 60 பாகை வரை போனது என்று வைப்போம். 28 இலிருந்து 60 என்றால் பார்வைக்கு இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் செல்சியஸ் அளவின் பூச்சியம் தண்ணீர் உறையும் இடத்தில் மனிதன் வைத்த குறி. காற்றுக்கு அந்த இடத்தில் ஒரு விசேஷமும் இல்லை. காற்று தன் கணக்கை அதற்கும் 273.15 பாகை கீழே இருந்து தொடங்குகிறது. அங்கிருந்து எண்ணினால் காலை 301 கெல்வின், மத்தியானம் 333 கெல்வின். 333 ஐ 301 ஆல் வகுத்தால் 1.106. பத்தில் ஒரு பங்கு கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு இடத்திலும் கால் வழுக்கும். காற்றடிக்கும்போது பார்க்கும் அமுக்கமானி 50 இறாத்தல் என்று காட்டினால், அது வெளியே இருக்கும் வளிமண்டல அமுக்கத்துக்கு மேலே எவ்வளவு என்பதை மட்டும் காட்டுகிறது. வளிமண்டலம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 14.7 இறாத்தல் அமுக்குகிறது. அதையும் சேர்த்தால் ரியூபுக்குள் உண்மையில் இருப்பது 64.7. இதை 1.106 ஆல் பெருக்க 71.6 வரும். வளிமண்டலத்தைத் திரும்பக் கழித்தால் மானி 57 இறாத்தலுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். ஆக, கச்சான் காலத்து உச்சி வெயில் அந்த ரியூபுக்குள் கூட்டிவைத்தது 7 இறாத்தல்.

ஒரு நல்ல ரியூப் 7 இறாத்தலுக்கு வெடிக்காது. அப்போ வெடிக்கப் பண்ணியது எது? ரயரைக் கழற்றி அண்ணனும் நானும் பார்த்தோம். பக்கவாட்டில் ரப்பர் தேய்ந்து உள் நூல் தெரிந்தது. அந்த இடத்துக்கு நேரே ரியூபில் ஒரு பழைய ஒட்டு, அதன் ஓரத்திலே விரல் நீளத்துக்குக் கிழிசல். சூட்டில் ரப்பரும் இளகும், ஒட்டின சொலூசனும் இளகும். ரயர் பலவீனமான இடத்தில் ரியூப், வெற்றிலை அடக்கின கன்னம் மாதிரி வெளியே பிதுங்கும். பிதுங்கின இடத்தில் ரப்பர் மெல்லிசாகும், மெல்லிசானது இன்னும் பிதுங்கும். காற்று செய்தது சின்ன வேலை, பெரிய வேலையை ரப்பரே செய்துகொண்டது. அண்ணன் ஒட்டை நகத்தால் உரித்தார். வெண்ணெய் மாதிரி உரிந்து வந்தது.

பத்தில் ஒரு பங்கு ஏன் கூடுகிறது என்பதையும் பார்த்துவிடலாம். காற்றில் பெரும்பங்கு நைதரசன். நம் ஊர்ச் சூட்டில் அதன் மூலக்கூறுகள் நொடிக்குச் சராசரியாக 500 மீற்றர் அளவான வேகத்தில் பாய்ந்து, ஒன்றோடொன்றும் சுவரோடும் மோதிக்கொண்டே இருக்கின்றன. சுவரில் விழும் அந்தக் கோடானுகோடி அடிகளைத்தான் அமுக்கம் என்கிறோம். 28 பாகையிலிருந்து 60 பாகைக்குப் போகும்போது அந்த வேகம் நூற்றுக்கு ஐந்துதான் கூடுகிறது. ஆனால் வேகம் கூடினால் ஒவ்வொரு அடியும் நூற்றுக்கு ஐந்து பலமாகும், அடிகள் விழும் எண்ணிக்கையும் நூற்றுக்கு ஐந்து கூடும். இரண்டும் சேர்ந்து பெருகுவதால் பத்து. அமுக்கம் தனி வெப்பநிலையோடு, அதாவது கெல்வினில் எண்ணும் வெப்பநிலையோடு, நேராகப் போவதற்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான்.

இந்த நேர்கணக்கை மனம்போன இடத்தில் எல்லாம் போடக் கூடாது என்பதற்கு ஒவ்வொரு குசினியிலும் ஓர் உதாரணம் நிற்கிறது. 12.5 கிலோ காஸ் சிலிண்டருக்குள் இருப்பதில் பெரும்பகுதி வாயுவே அல்ல, திரவம். புரப்பேனும் பியூட்டேனும் அமுக்கத்தில் திரவமாகி அடியில் கிடக்க, மேலே உள்ள கொஞ்ச இடத்தில்தான் ஆவி. சூடேறினால் இருக்கிற ஆவி துள்ளுவது மட்டுமல்ல, திரவத்திலிருந்து புது ஆவியும் எழும்பி அதோடு சேரும். 30 பாகையில் தனிப் புரப்பேனின் ஆவி அமுக்கம் கிட்டத்தட்ட 11 வளிமண்டலம், பியூட்டேனுடையது 3 க்குச் சற்றுக் கீழே. 60 பாகைக்குப் போனால் புரப்பேன் 21 அளவிலும் பியூட்டேன் 6 க்கு மேலும் நிற்கும். ரியூபில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டின அதே அளவு வெயில் இங்கே அமுக்கத்தை இரண்டு மடங்காக்குகிறது. அண்ணன் சொன்ன “ரெண்டு மடங்கு” ரியூபுக்குப் பொருந்தாது, சிலிண்டருக்குப் பொருந்தும். 2021 ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நாடெங்கும் காஸ் வெடிப்புகள் நடந்து ஜனங்கள் அடுப்பு மூட்டவே பயந்தபோது, பேச்செல்லாம் புரப்பேன் விகிதத்தைப் பற்றியே இருந்தது. மேலே உள்ள இலக்கங்களைப் பார்த்தால் அந்த விகிதம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று விளங்கும். புரப்பேன் கூடினால் அதே குசினிச் சூட்டில் வால்வும் ரெகுலேட்டரும் தாங்கவேண்டிய அமுக்கம் கூடுகிறது. சிலிண்டரைத் திரவத்தால் விளிம்பு மட்டும் நிரப்பாமல் மேலே இடம் விடுவதும் சூட்டை நினைத்துத்தான். திரவம் விரிய இடமில்லாமல் போனால் எந்த இரும்பும் தாங்காது. சிலிண்டரை வெயில் படும் முற்றத்தில் வைக்காதீர்கள் என்று நான் வீடு வீடாகச் சொல்லுவதைச் சிலர் வாத்தியார் புத்தி என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இதுவரை பார்த்ததெல்லாம் அடைபட்ட காற்று. விரிய இடம் கொடுத்துவிட்டால் கதை வேறு. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலில் பலூன்காரர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். விடியக் கட்டிய பலூன் மத்தியானம் இறுகிப் பளபளக்கும். பலூனின் தோல் இளகிக்கொடுப்பதால் உள்ளே அமுக்கம் பெரிதாக ஏறாது, கனவளவுதான் ஏறும். அதே பத்தில் ஒரு பங்கு. ஆனால் 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பலூன் 31 ஆகும், அவ்வளவுதான். கனவளவு மூன்று பக்கமும் பங்குபோடப்படுவதால் கண்ணுக்குத் தெரியும் வளர்ச்சி சின்னது.

கனவளவும் தனி வெப்பநிலையும் சேர்ந்து நடப்பதைச் சாள்சின் விதி என்று படிக்கிறோம். அந்த ஜாக் சாள்ஸ் பலூன்காரர்தான். 1783 ஓகஸ்ட் 27 அன்று பரிஸ் நகரத்தில் ஐதரசன் நிரப்பிய ஆளில்லாப் பலூனை மேலே விட்டார். அது ஒரு கிராமத்தில் போய் விழ, பயந்துபோன ஊரவர்கள் அதைக் குத்திக் கிழித்தார்கள். அதே வருடம் டிசம்பர் 1 அன்று அவரே ஏறிப் பறந்தார். வாயுக்கள் வெவ்வேறாக இருந்தாலும் ஒரே சூட்டுக்கு ஒரே அளவு விரிகின்றன என்பதை 1787 அளவில் கண்டார். கண்டதை அச்சில் போடாமல் விட்டுவிட்டார். 1802 இல் கே-லுசாக் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி தன் அளவீடுகளோடு அதை வெளியிட்டபோது சாள்சின் பெயரை மறைக்காமல் எழுதினார். அந்த நேர்மையால்தான் இன்று சாள்சின் பெயர் நம் பிள்ளைகளின் வாயில் இருக்கிறது. அதற்கும் நூறு வருடம் முந்தி, 1702 இல், அமொன்ரன் என்ற பிரெஞ்சுக்காரர் அடைத்த காற்றைச் சூடாக்கி, குளிர்ந்த நீரிலிருந்து கொதிநீருக்குப் போனால் அமுக்கம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது என்று பார்த்தார். அந்தக் கோட்டைப் பின்னோக்கி இழுத்தால் அமுக்கமே இல்லாத ஒரு குளிரில் போய் முட்டுமே என்ற எண்ணமும் அவருக்கு வந்தது. 1848 இல் கெல்வின் பிரபு தனி வெப்பநிலை அளவைக் கொண்டுவந்தார். ரியூப் கணக்கில் நாம் கூட்டின 273 அப்படி வந்து சேர்ந்தது.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். வெப்பநிலை அமுக்கத்தை ஏற்றும், வெப்பநிலை கனவளவை ஏற்றும் என்று இரண்டு வசனங்களைப் படித்த பிள்ளை, வெப்பம்தான் எப்போதும் முன்னால் நடக்கும், மற்றதெல்லாம் பின்னால் வரும் என்று நினைத்துக்கொள்கிறது. வெப்பநிலை, அமுக்கம், கனவளவு மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியவை. எதைப் பிடித்து இழுத்தாலும் மற்றது அசையும்.

வெடித்த ரியூபை மாற்றிவிட்டு அண்ணன் நிழலில் நின்று காற்றடித்தார். முடிந்ததும் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். கை வைக்க ஏலாத சூடு. “தோல் வாசர் உரைஞ்சி வாற சூடு சேர்” என்றார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பம்பின் குழாயை வால்விலிருந்து கழற்றிவிட்டு, அதே வேகத்தில் நாற்பது தரம் சும்மா அடிக்கச் சொன்னேன். வாசர் அப்போதும் உரசத்தான் செய்தது. ஆனால் அடிப்பக்கம் லேசாகத்தான் வெதுவெதுத்தது. வால்வில் மாட்டி அடிக்கும்போது மட்டும் காற்று நெரிபடுகிறது. கூடின சூடு அந்த நெரிபாட்டிலிருந்து வருவது.

காரணத்தைக் கிரிக்கெட் விளையாடும் பொடியன்கள் உடனே பிடித்துவிடுவார்கள். வருகிற பந்தை முன்னுக்கு வரும் மட்டையால் அடித்தால் அது வந்த வேகத்தைவிடக் கூடின வேகத்தில் திரும்பும். மட்டையைப் பின்னுக்கு இழுத்து வாங்கினால் பந்து செத்துக் காலடியில் விழும். பம்பின் தண்டு கீழே இறங்கும்போது அதில் மோதும் ஒவ்வொரு மூலக்கூறும் முன்னுக்கு வரும் மட்டையில் பட்ட பந்து. வேகம் கூடித் திரும்புகிறது, வேகம் கூடினால் வெப்பநிலை கூடுகிறது. அடுப்பும் இல்லை, வெயிலும் இல்லை. கையால் செய்த வேலை சூடாக மாறியிருக்கிறது. 28 பாகைக் காற்றை, வெப்பம் வெளியே போக விடாமல், மூன்று வளிமண்டல அமுக்கத்துக்கு நெரித்தால் அது 130 பாகையைத் தாண்டும். பம்பின் உலோகம் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுவதால்தான் கை தப்புகிறது. அம்பாறை வயல்களில் ஓடும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி பிளக் இல்லை. காற்றைப் பதினெட்டில் ஒரு பங்குக்கு நெரித்தால் 500 பாகைக்கு மேல் ஏறிவிடும், அதில் விசிறும் டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும்.

இதையெல்லாம் விட்டால், கச்சானை விளங்கிக்கொள்ள வழியில்லை.

வைகாசி தொடங்கிப் புரட்டாதி மட்டும் மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றைப் பற்றி வெளியூரவர்களுக்குச் சொல்லி விளங்கவைப்பது கஷ்டம். காற்று அடிக்கிறது, ஆனால் குளிரவில்லை. உதடு வெடிக்கிறது. கொடியில் போட்ட சாரன் அரை மணித்தியாலத்தில் மொறுமொறுவென்று காய்கிறது. களவெட்டியில் பொலி தூற்ற அந்தக் காற்று உதவியது உண்மைதான். ஆனால் கல்லடிக் கடற்கரையில் நின்றாலும் கடற்காற்றை வரவிடாமல் அது முகத்தில் அனலாக அடிக்கிறது. இந்தச் சூட்டை வெயிலின் தலையில் மட்டும் போடுகிறோம். வெயிலுக்குப் பங்கு உண்டு. ஆனால் அதே மாதத்தில் அதே சூரியன் கொழும்புக்கும் இருக்கிறது, அங்கே கச்சான் இல்லை.

தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு கொழும்புப் பக்கம் கரையேறுகிறது. அப்போது 28 பாகை என்று கொள்வோம். மத்திய மலைநாடு குறுக்கே நிற்க, காற்று மேலே ஏறவேண்டியிருக்கிறது. மேலே போகப் போக வளிமண்டல அமுக்கம் குறையும், காற்று விரியும். விரியும் காற்று பின்னுக்கு இழுத்த மட்டையில் பட்ட பந்து. குளிர்கிறது, ஆயிரம் மீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை வீதம். கொஞ்சத் தூரம் ஏறியதும் ஈரம் முகிலாகத் திரளத் தொடங்கும். ஆவி நீராகும்போது, முன்பு கடலிலிருந்து ஆவியாக எடுத்துக்கொண்ட வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும். அதனால் முகிலுக்குள் ஏறும் காற்று ஆயிரம் மீற்றருக்கு 5 பாகை அளவில்தான் குளிரும். மேற்குச் சரிவிலுள்ள கினிகத்தேனையிலும் வட்டவளையிலும் மழை கொட்டுகிறது. ஈரம் அங்கேயே இறங்கிவிடுகிறது. ஆனால் ஈரம் கொடுத்த வெப்பம் இறங்கவில்லை, காற்றோடு இருக்கிறது.

முதல் 500 மீற்றரில் 5 பாகை, மிச்சம் 1500 மீற்றரில் ஏழரை பாகை இழந்து, 2000 மீற்றர் உயரத்தில் காற்று 15 அரைப் பாகையில் நிற்கும். இனி இறக்கம். கிழக்குச் சரிவால் பதுளை, பிபிலை, மகாஓயா என்று இறங்குகிறது. கீழே அமுக்கம் கூட, காற்று நெரிபடுகிறது. இப்போது முகிலும் இல்லை, ஈரமும் இல்லை. ஆகவே இறக்கம் முழுவதும் ஆயிரம் மீற்றருக்கு 10 பாகை வீதம் சூடேறும். 2000 மீற்றர் இறங்கிக் கரையைத் தொடும்போது 35 அரைப் பாகை. மேற்கே 28 இல் ஏறியது கிழக்கே 35 அரையில் இறங்குகிறது, ஈரத்தை மலையில் கொட்டிவிட்டு. இது ஒரு மாதிரிக் கணக்குத்தான். எல்லாக் காற்றும் மலையுச்சியைத் தாண்டுவதில்லை, சிலது சுற்றிக்கொண்டும் வரும். ஆனாலும் வட்டவளையில் பெய்த மழையின் சூடுதான் மட்டக்களப்பில் நம் முகத்தில் அடிக்கிறது என்று சொன்னால் அது வெறும் அலங்காரப் பேச்சில்லை. மலைச்சரிவு ஒரு பம்ப் மாதிரி அந்தக் காற்றை நெரித்து அனுப்புகிறது.

நெரிபாட்டைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? நுவரெலியாவிலிருந்து மட்டக்களப்புப் பக்கத்துச் செங்கலடிக்கு இறங்கும் பதுளை வீதியில் பஸ் ஏறும்போது, வெறுமையான பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலொன்றை மலையில் வைத்தே மூடி இறுக்கி எடுத்து வாருங்கள். என் மாணவர்களை அப்படிச் செய்யச் சொல்லுவேன். நுவரெலியாவின் உயரத்தில் வளிமண்டல அமுக்கம் கரையோரத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பங்கு. 15 பாகைக் குளிரில் மூடிய போத்தல் 32 பாகைக்கு வந்துவிட்டது. சூடேறினதால் உள்ளே காற்று விரியப் பார்க்கும், நூற்றுக்கு ஆறு. ஆனால் வெளி அமுக்கம் அதைவிடப் பலமாக நெரிக்கும், நூற்றுக்கு இருபது. போத்தல் செங்கலடியில் இறங்கும்போது பக்கமெல்லாம் ஒடுங்கி, கனவளவு நூற்றுக்குப் பதினைந்து குறைந்து நிற்கும். சூடேறினால் விரியும் என்று மட்டும் மனப்பாடம் பண்ணியவர், சூடான இடத்துக்கு வந்த போத்தல் ஏன் சுருங்கியது என்று திகைப்பார். அந்தத் திகைப்பைத்தான் நான் வகுப்பில் எதிர்பார்த்திருப்பேன்.

போத்தலுக்கும் கச்சானுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. போத்தல் பஸ்ஸில் மணிக்கணக்காக வருகிறது, சூட்டைச் சுற்றுப்புறத்தோடு கொடுத்து வாங்க நேரம் இருக்கிறது. மலையிறங்கும் காற்று பெரும் திணிவு, தன் சூட்டை வெளியே விடவும் மாட்டாது, வெளியிலிருந்து பெரிதாக வாங்கவும் மாட்டாது. நெரிபட்ட வேலை முழுவதும் அதற்குள்ளேயே சூடாகத் தங்குகிறது.

இதைச் சைக்கிள் கடையில் நின்று சொல்லி முடிக்க அரை மணித்தியாலம் பிடித்தது. அண்ணன் கேட்டுக்கொண்டே இரண்டு சைக்கிள்களுக்கு ஒட்டுப் போட்டார். கடைசியில் கேட்டார், “அப்ப நான் கச்சானுக்கு ரெண்டு இறாத்தல் குறைச்சி அடிக்கிறது சரியா, பிழையா சேர்?”

ஒட்டுப்போட்ட பழைய ரியூபுக்கு அது சரிதான் என்றேன். நல்ல ரயருக்கு வேண்டாம், குறைந்தால் ஓடும்போது ரயர் நசிந்து நசிந்து அதனாலேயே இன்னும் சூடேறும். மோட்டார் சைக்கிளுக்கும் வானுக்கும் செய்தவர்கள் சொல்லியிருக்கும் அளவு ஆறின ரயருக்கு உரியது, விடியப் பார்த்து அடிக்க வேண்டும். கொழும்புக்கு ஓடிவிட்டு வந்து நிறுத்திய வாகனத்தில் மானி கூடக் காட்டுகிறதே என்று காற்றைத் திறந்துவிட்டால், ஆறினபின் குறைந்து கிடக்கும்.

அண்ணன் தலையாட்டினார். புது ரியூப் போட்ட சைக்கிளின் ரயரைப் பெருவிரலால் ஒருதரம் அழுத்திப் பார்த்தார். பிறகு அதை வெயிலிலிருந்து தள்ளிக்கொண்டு போய்ப் பூவரச மர நிழலில் சாத்தினார்.